பச்சைத் தீயும் பாம்பு ஜாடியும்

வேதியியல் வாத்தியார் வேலை என்பது, விளக்கை ஏற்றி வைத்துவிட்டுப் பக்கத்து மேசைக் கூட்டத்தைப் பார்த்துப் பொருமும் வேலை. அறிவியல் கண்காட்சியில் மூலை மேசை கிடைத்த சக ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளின் கடைசியில் போடியில் ஒரு பள்ளியில் இருந்தேன். விலங்கியல் ஆசிரியர் செல்லத்துரையிடம் ஃபார்மலின் ஜாடியில் ஒரு நல்லபாம்பு இருந்தது; கண்காட்சிக் கூட்டமெல்லாம் அங்கேதான். அவர் சரக்கே அவ்வளவுதான். ஒரே ஒரு கண்காட்சியிலாவது கூட்டம் என் பக்கம் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

உப்பும் சுண்ணாம்பும்

ஸ்பிரிட் விளக்கு, பழைய ஹீட்டரில் வெட்டிய கம்பி, ஒரு வாளி மணல். கம்பி நுனியை உப்புக் கரைசலில் தொட்டுத் தீயில் காட்டினால் மஞ்சள். சுண்ணாம்பை அமிலத்தில் கரைத்துத் தொட்டால் செங்கல் நிறம். கூட்டம் நெருங்கிவிடக் கூடாது என்று தரையில் சாக்பீஸ் கோடு வேறு போட்டிருந்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை.

தேவாரத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் மட்டும் நின்று இரண்டு நிறத்தையும் பொறுமையாகப் பார்த்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. முடித்ததும் கேட்டார்: "ஏஞ் சார், பாம்பு பாக்க வரிசை எங்கிட்டு நிக்குது?"

துருசு

மறு வருடம் துருசை, அதாவது காப்பர் சல்பேட்டை, இறக்கினேன். ஏலச்செடி அழுகாமலிருக்கத் துருசும் சுண்ணாம்பும் கலந்து அடிக்காத தோட்டக்காரர் எங்கள் ஊரில் கிடையாது. அது பச்சையாக எரிவதைப் பார்க்க நாலைந்து பேர் வந்தார்கள். செல்லத்துரை திரும்பிப் பார்க்கிறாரா என்று நான் பார்த்தேன். பார்க்கவில்லை.

ஏலக்காய் பச்சை மாறாமல் இருந்தால்தான் ஏலத்தில் நல்ல விலை. ஒரு தோட்டக்காரர், "இத அடிச்சா காயும் இப்பிடிப் பச்சையா நிக்குமா?" என்றார். நிற்காது என்றேன். "அப்பறம் எதுக்கு சார் இத எரிக்கிறீக?"

மலைக்கு ஜீப்பு

போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் அடுப்பு பச்சையாக எரிந்ததாம். முனி இறங்கிவிட்டது என்று யாரும் கிட்டப் போகவில்லை. பறித்த காய் ஈரத்தோடு கிடக்கிறது, இன்னும் தாமதித்தால் அழுகிவிடும் என்று, கண்காட்சிப் பச்சைத் தீயைக் கேள்விப்பட்டிருந்த முதலாளி என்னைத் தேடி ஜீப்பு அனுப்பினார். பாம்புக்காரரை அல்ல, என்னை. செல்லத்துரையின் வகுப்பு வாசல் வழியாகத்தான் நடந்து போய் ஏறினேன். அவர் சிரித்த முகமாகக் கையசைத்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

துருசு கலக்கிய பழைய மரப்பீப்பாயை உடைத்து அடுப்பில் வைத்திருக்கிறார்கள். அந்த மரச்சிம்பை ஊறவைத்த தண்ணீரில் கம்பியைத் தொட்டு, எல்லாருக்கும் எதிரே விளக்கில் காட்டினேன். அதே பச்சை. இந்த மரத்தை இனி எரிக்காதீர்கள், புகை ஆகாது என்றேன். வேலைக்கு வந்திருந்த பெண்கள் சிரித்துக்கொண்டே வேறு விறகு அடுக்கப் போனார்கள். கங்காணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடம் காத்திருந்தது இதற்குத்தான் என்று நினைத்தேன்.

"பெரிய ஒதவி சார். இம்புட்டுத் தூரம் எடம் காலியாத்தான வந்துச்சு ஜீப்பு, அந்தப் பாம்பு சாரையும் ஜாடியோட ஏத்திட்டு வந்திருக்கலாம்ல?"

செல்லத்துரையிடம் தோற்றிருந்தால்கூட மனது ஆறியிருக்கும், நான் தோற்றது எந்தக் காலத்திலோ செத்துப்போன ஒரு பாம்பிடம்.