டீச்சர் வீட்டுச் சுவரில் ஒரு மேசை

இந்த மாடி வீட்டுக்கு நாங்கள் வாடகைக்கு வந்த அன்றே, கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா இரண்டு விஷயம் சொல்லிவிட்டார். மொட்டை மாடியில் கருவாடு காயப்போடக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. நாசரேத் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர் அவர். தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். அந்தக் குரலுக்கு நாங்களும் தலையாட்டிவிட்டோம். காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில்தான் கட்டித் தொங்கவிட்டிருந்தேன்.

எனக்குச் சரக்குக் கப்பல்களுக்கான ஆவணங்கள் தயாரிக்கும் வேலை. அலுவலகத்தில் இடம் போதாமல் எங்களில் பாதிப் பேரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். பஸ் நெரிசல் மிச்சம் என்று முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் எனக்கென்று இருந்தது சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை மட்டுமே. தட்டு வந்தால் லேப்டாப் எழுந்து போக வேண்டும். ஒரு நாள் சாம்பார் தெறித்து கீபோர்டில் ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டது. அன்று நான் அடித்த கம்பெனிப் பெயர்கள் எல்லாம் திக்கித் திக்கிப் பேசின. பிறகு படுக்கையறையில் இஸ்திரி மேசையை விரித்து அதன்மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டேன். நான் தட்டச்சு செய்தால் அது ஆடும். வீடியோ மீட்டிங்கில் என் முகம் படகில் உட்கார்ந்திருப்பதுபோல மேலும் கீழும் போய்வந்தது.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் படுக்கையறையின் கிழக்குச் சுவர் முன்னால் நின்று, இரண்டு கையையும் அகல விரித்து அளந்தார்.

"இங்கன ஒரு மேசைப் பலகை. மேல மூணு தட்டு. எல்லாமே சுவத்துலயே நிக்கும், கால் கிடையாது. கீழ கூட்டிப் பெருக்கலாம்."

"டீச்சர்ட்ட யாரு கேப்பா?"

"நீதான். ஒங்கிட்டதான் நல்லாப் பேசுதாவ."

கேட்டேன். முடியாது என்று சொல்ல அவருக்கு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. "ஒரு ஆணி அடிச்சா ஒரு சட்டி மண்ணு கொட்டுதுளா. உப்புக்காத்து தின்ன சுவரு. எங்க சாரு பாத்துப் பாத்துக் கட்டுன வீடு."

சார் என்றால் மறைந்துபோன அவர் கணவர். நான் மாடிக்குத் திரும்பிவிட்டேன். ஆனால் அடுத்த வாரம், தண்ணீர் மோட்டாரைப் பற்றிச் சொல்ல அவர் மாடிக்கு வந்தபோது, நான் இஸ்திரி மேசையில் மீட்டிங்கில் இருந்தேன். மேசை ஆட, நான் ஒரு கையால் அதன் காலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தட்டிக்கொண்டிருந்தேன். கதவருகே நின்று அவர் முழுதாகப் பார்த்தார். மீட்டிங் முடிந்ததும் உள்ளே வந்தார்.

"என்னளா இது, தையல் மிசினா? இப்படியா வேலை பாப்ப?" என்றவர், கொஞ்சம் யோசித்து, "சரி, போடுங்க. ஆனா ஓட்டை போடும்போது நான் இருப்பேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் அன்று மாலையே மரக்கடைக்குப் போய்விட்டார். தண்ணீர் பட்டாலும் தாங்கும் பிளைவுட்டை அளவுக்கு அறுத்துக் கொடுத்தார்கள். இந்த ஊர்க் காற்றுக்கு இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது என்று தாங்கிகளும் ஸ்குருவும் எவர்சில்வரில் வாங்கி வந்தார். டிரில் மெஷினும் புதிது. அதைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சும்மா இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பை, எங்கள் கல்யாண ஆல்பத்தில் நான் பார்த்ததில்லை.

ஓட்டை போடும் நாளில் டீச்சர் தன் பிரம்பு நாற்காலியோடு வந்து அறை நடுவில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் ரசமட்டம் வைத்துப் பென்சிலால் கோடு கிழித்தார். டீச்சர் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "வலது பக்கம் தூக்கிருக்கு" என்றார். ரசமட்டத்துக் குமிழி சரியாக நடுவில்தான் நின்றது. இருந்தாலும் என் வீட்டுக்காரர் அழித்துவிட்டு, அதே இடத்தில் இன்னொரு கோடு கிழித்தார். "இப்ப சரி" என்றார் டீச்சர்.

இரண்டு ஓரத்திலும் போட்ட ஓட்டைகளில் சிவப்புத் தூள் வந்தது. நல்ல செங்கல். நான் கீழே முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்தது நடுவில். மெஷினை வைத்து அவர் லேசாக அழுத்தியதும், அது விசுக்கென்று கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. அவர் நெற்றி சுவரில் இடித்தது. பக்கத்துக் காரை ஒரு தட்டளவுக்குப் பெயர்ந்து என் காலடியில் விழுந்தது.

என் வீட்டுக்காரர் நெற்றியைத் தடவக்கூட மறந்து டீச்சரைப் பார்த்தார். வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் எந்தப் பக்கம் வீடு தேடுவது என்றுகூட எனக்கு யோசனை ஓடியது.

டீச்சர் எழுந்து வந்தார். பெயர்ந்த இடத்தைச் சுற்றி விரல் முட்டியால் தட்டினார். அங்கே டொக் டொக்கென்று சத்தம். கொஞ்சம் தள்ளித் தட்டினால் சத்தமே இல்லை. திரும்பவும் நடுவில் தட்டினார்.

"அடி ஆத்தே. இங்கன ஜன்னல் இருந்துச்சுல்லா!"

"சுவத்துலயா?" என்றேன் நான், முறத்தோடு.

"கடலு தெரியும் ஜன்னல். துறைமுகத்துலருந்து ஒரே கரித்தூசியா வந்து வெள்ளைச் சட்டைலாம் கறுத்துப்போச்சுன்னு எங்க சாரு அடைச்சுட்டாவ. அரைச் செங்கல் வச்சுப் பூசிருப்பாவ போல. நான் அந்த மூலைலன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்."

அரைச் செங்கல் அடைப்பில் பாரம் ஏற்ற முடியாது. எதிர்ச் சுவர் முழுக்கப் பீரோ. மற்ற இரண்டிலும் கதவுகள். என் வீட்டுக்காரர் மெஷினின் வயரைச் சுற்ற ஆரம்பித்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. இஸ்திரி மேசை பரவாயில்லை, பழகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"உடைச்சிரலாம்" என்றார் டீச்சர்.

"எதை டீச்சர்?"

"அந்த அடைப்பைத்தான். இப்பதான் கண்ணாடி வச்சுத் தள்ளுத ஜன்னல் வருதே. தூசி வந்தா சாத்திக்க. ஏலே, வயரைச் சுத்தாத. கொத்தனாரை நான் வரச் சொல்லுதேன்."

ஆணிக்கே சம்மதிக்காதவர் சுவரை உடைக்கச் சொல்கிறார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கொத்தனார் வந்து தட்டியதும் அடைப்பு சுலபமாக விழுந்தது. செங்கல் விழ விழ வெளிச்சம் உள்ளே வந்தது. புழுதி அடங்கியதும் மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, ஒரு பூவரசு, அதற்கு அப்பால் துறைமுகத்துக் கிரேன்களின் உச்சி, இடையில் ஒரு கோடு கடல். டீச்சர் மட்டும் கொஞ்ச நேரம் அதிகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். "சாரு சாயங்காலம் இங்கன நின்னுதான் காப்பி குடிப்பாவ" என்றார். பிறகு, "புழுதிய கூட்டுளா, சும்மா நிக்க" என்று என்னை விரட்டினார்.

ஜன்னல் வந்தபின் என் வீட்டுக்காரர் கணக்கை மாற்றிப் போட்டார். ஜன்னலுக்குக் கீழே, ஓரத்து நல்ல செங்கல்களைப் பிடித்தபடி மேசைப் பலகை. தட்டுகள் மேலே வேண்டாம், இரண்டு பக்கத்திலும். அதற்காக நீளப் பலகைகளை அவரே கைரம்பத்தால் இரண்டாக அறுத்தார். ஒரு அறையளவுக் கன்டெய்னரை இம்மி பிசகாமல் கப்பலில் இறக்குகிறவருக்கு ரம்பம் மட்டும் நேராகப் போகவில்லை. கோணல் விளிம்பில் மரப் பீடிங் பட்டை ஒட்டி மறைத்தோம். நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், வார்னிஷ் அடித்தேன். என் வளையலில் அந்த வார்னிஷ் இன்றும் இருக்கிறது.

எல்லாம் மாட்டி முடித்ததும் டீச்சர் பரிசோதனைக்கு வந்தார்.

"ஏறி உக்காரு பாப்போம்."

என் வீட்டுக்காரர் மேசைப் பலகையில் மெல்ல உட்கார்ந்தார். முதலில் பாதி, பிறகு முழுதாக. அசையவில்லை. டீச்சர் என்னையும் உட்காரச் சொன்னார். அப்போதும் அசையவில்லை. டீச்சர் சேலையைச் சரிசெய்துகொண்டு, "தள்ளுங்க" என்றார்.

"டீச்சர், வேண்டாம்..." என்றேன்.

அவர் உட்கார்ந்தேவிட்டார். கால்கள் தரையைத் தொடவில்லை. "மேசை மேல உக்காந்த பிள்ளையள எத்தனை தடவை வெளிய நிப்பாட்டிருக்கேன் தெரியுமா?" என்று சொல்லிக் கால்களை ஆட்டினார். எங்கள் இருவருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. பலகை எங்கள் மூவரின் சிரிப்பையும் சேர்த்துத் தாங்கியது.

இப்போது இடது பக்கத் தட்டுகளில் என் கோப்புகளும் பிரிண்டரும் இருக்கின்றன. வலது பக்கமும் எனக்கென்றுதான் பேச்சு. ஆனால் ஒரு தட்டை டிரில் மெஷின் பிடித்துக்கொண்டது, இன்னொன்றில் டீச்சர் ஒரு பாட்டிலில் மணி பிளான்ட் கொண்டுவந்து வைத்தார்.

பகல் ஷிப்டுக்குப் போகும்போது என் வீட்டுக்காரர், "மேலருந்து கை காட்டுதேன், பாரு" என்பார்.

"நீங்க எந்தக் கிரேன்ல இருக்கியன்னே இங்கருந்து தெரியாது."

"எல்லாத்துக்கும் காட்டிரு."

மத்தியானம் வேலை ஓய்ந்த வேளையில், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நானும் எல்லாக் கிரேனுக்கும் பொதுவாகக் கை காட்டுகிறேன்.