ஐந்து சதம் மழை

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. மாத்தளை டவுனில் என் லொறி ஹாரன் சத்தம் கேட்டதும் தராசை எடுத்து வெளியே வைக்காத மிளகுக் கடைக்காரன் அந்தக் காலத்தில் இல்லை. எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, சொந்தப் பெயரில் லொறி ஓட விட்டவன் எங்கள் தோட்டத்திலேயே நான்தான் முதல் ஆள். சிங்களத்தில் பேரம் பேசுவேன். சோனக முஸ்லிம் முதலாளிமாரோடு அவர்கள் பேச்சிலேயே பேசுவேன். இங்கிலீஷில் கையெழுத்துப் போடுவேன். குடியுரிமை கேட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி, இலங்கைப் பிரஜை என்ற சீட்டையும் நானே வாங்கினேன். எந்தக் கதவும் தட்டுகிறபடி தட்டினால் திறக்கும் என்பது என் எண்ணம். என் தம்பியின் படிப்பு விஷயத்தில் மட்டும் நான் தட்டிய கதவு ஒன்றும் திறக்கவில்லை.

தம்பிக்கும் எனக்கும் வயதில் பெரிய இடைவெளி. அப்பா செத்தபோது அவனுக்கு நடை பழகியிருந்தது, அவ்வளவுதான். நான்தான் அவனை லயத்திலிருந்து தூக்கி வந்து டவுனில் வைத்துப் படிக்க வைத்தேன். அவன் பேராதனைக் கெம்பஸுக்குத் தெரிவான அன்றைக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். தெரியாதவர்களும் வந்து குடித்துவிட்டுப் போனார்கள். குடிக்கட்டுமே.

அவன் எடுத்த பாடம் புள்ளிவிபரவியல். கடைசி வருஷத்தில் சொந்தமாக ஓர் ஆராய்ச்சி செய்து, எழுதிக் கொடுத்து, பரீட்சகர்கள் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் பட்டம் இல்லை. அதே வருஷத்தில்தான் அம்மாவுக்கும் அவனுக்கும் இந்தியாப் பாஸ்போர்ட் வந்தது. இந்தியாவும் இலங்கையும் எங்களைப் பங்கு பிரித்த ஒப்பந்தக் காலத்தில் லயத்தில் எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள் என்று அம்மாவும் இந்தியாவுக்குக் கைநாட்டு வைத்திருந்தாள். தம்பி அப்போது வயது வராத பிள்ளை. அவன் பெயரும் அவளோடு போய்விட்டது. பாஸ்போர்ட்டில் இந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்று முத்திரை குத்தியிருந்தது. அந்தத் தேதிக்குள் ஆராய்ச்சி முடிந்தால் அவன் பட்டதாரியாகக் கப்பல் ஏறுவான். முடியாவிட்டால் வெறுங்கையோடு, கண்ணால் காணாத ஊருக்குப் போவான். எங்கள் வீட்டில் அந்த வருஷம் முழுவதும் வேறு பேச்சே இல்லை.

ஆராய்ச்சிக்கு அவன் எடுத்தது மழை. அதுவும் அப்பா அளந்த மழை. அப்பா தோட்டத்து ஆபீசில் பியோன். காலையில் போய் மழைமானியிலிருக்கிற தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்து, புத்தகத்தில் எழுதி வைப்பது அவர் வேலைகளில் ஒன்று. எழுத்து வராது, இலக்கம் மட்டும் எழுதுவார். தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துக்கு நடந்து போய், ஆபீஸ் கிளாக்கர் ஐயாவைக் கெஞ்சி, அந்த இலக்கங்களையெல்லாம் தன் தாள்களில் எழுதிக்கொண்டு வந்தான்.

"இத வச்சு என்னடா பண்ணப் போற?" என்று கேட்டேன்.

"பரம்பல் பொருத்தணும் அண்ணே."

"பரம்பலா, பரம்பரையா? எதக் கொண்டுபோய் எங்கடா பொருத்துவ? தண்ணிப் பைப்பா?"

சிரித்தான். "அண்ணே, நீங்க மிளகைச் சல்லடையில போட்டு ஆட்டுறீங்க. பொடிசு எவ்வளவு விழும், பெரிசு எவ்வளவு நிக்கும்னு ஆட்ட முந்தியே தெரியும்தானே?"

"பின்ன? ரத்தோட்டை மிளகு வேற, உக்குவளை மிளகு வேற. மூட்டையத் தொட்டாலே சொல்லிருவேன்."

"நீங்க தொட்டுச் சொல்றீங்க. நான் அத ஒரு கோட்டால சொல்லணும். எந்தக் கோடு நம்ம மழையோட ஒட்டிப் போகுதுன்னு கண்டுபிடிச்சா, இனிப் பெய்யப் போற மழையப் பத்தியும் ஏதாவது சொல்லலாம்."

"அப்ப இத்தன வருசமா நானும் புள்ளிவிபரந்தான் பண்ணிக்கிட்டு இருக்கேன்னு சொல்லு."

"நீங்கதான் அண்ணே பேராசிரியர். நான் சும்மா."

கணக்கைக் கையால் போட முடியாதாம். கொழும்பில் ஓர் அரசாங்கக் கட்டடத்தில் கம்பியூட்டர் இருந்தது. அதற்கும் ஒரு பாஷை உண்டு. அந்தப் பாஷையில் ஒரு வரிக்கு ஓர் அட்டை என்று துளை போட்டு, அடுக்கிக் கட்டிக் கொடுக்க வேண்டும். முறை வரும்போது இயந்திரம் வாசிக்கும். நடுவில் ஒரு கமா பிழைத்தாலும், பிழை என்று ஒரு தாளைத் துப்பிவிட்டு அடுத்த ஆளின் கட்டை எடுக்கும். நாம் மறுபடியும் வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். தம்பிக்குக் கணக்குத் தெரியும், அந்தப் பாஷை சரியாக வரவில்லை. அதைக் காட்டிக் கொடுத்தவர் கெம்பஸில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்து விரிவுரையாளர். அவருக்கு அது கடமையில்லை. இவன் முகத்தைப் பார்த்து இரங்கித் தன் குவார்ட்டர்ஸில் வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அட்டைக் கட்டைக் கொழும்புக்குக் கொண்டுபோனது என் லொறி. பின்னால் ஏலக்காய் மூட்டை, முன்னால் என் மடியில் தம்பியின் மழை.

ஒரு வழியாகப் பிழையில்லாமல் ஓடியது. ஓடியும் கோடு பொருந்தவில்லை. வேறு கோடு போட்டுப் பார்த்தார்கள். அதுவும் பொருந்தவில்லை. மாற்றி மாற்றிச் சட்டை போட்டுப் பார்க்கிற மாதிரி பார்த்தும் எல்லாம் ஒரே இடத்தில் பிடித்தது. தம்பி சாப்பாட்டைக் குறைத்தான். அம்மா தகரப் பெட்டியில் சாமான் அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

அந்த நிலைமையில்தான் ஒருநாள் நானே அவனை லொறியில் ஏற்றிக்கொண்டு பேராதனைக்குப் போனேன். ஒரு கூடை ரம்புட்டானும் கொண்டுபோனேன். விரிவுரையாளர் மேசையில் தாள்களை விரித்துப் போட்டிருந்தார். என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லித் தேத்தண்ணி தந்தார். பிறகு ஒரு தாளைத் தூக்கி என்னிடமே கேட்டார்.

"அண்ணை, நீங்கள் அந்தத் தோட்டத்தில வளர்ந்தனீங்கள்தானே. அங்க தூறல் மழை எண்டு ஒண்டு இல்லையோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "என்ன சேர் இப்படிக் கேக்குறீங்க? ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து மூட்டம் இறங்குச்சுன்னா நாள் முழுக்கத் தூத்தல்தான். துவைச்ச கம்பளி ஒரு கிழமைக்குக் காயாது."

"அப்ப ஏன் இதில இல்லை? பெய்ஞ்ச நாள் எல்லாத்திலயும் ஆகக் குறைஞ்சது பத்திலொரு அங்குலம். அதுக்குக் கீழ ஒரு நாள்கூட இல்லை. சின்ன மழைதான் கனக்க இருக்க வேணும். கோடு அங்கதான் உயர நிண்டு சரிஞ்சு வரும். இங்க அந்த இடம் வெறுவாய்க் கிடக்குது."

"அது எப்படி சேர்? எங்கப்பா தூத்தலையும் விடமாட்டாரே. ஆபீசால வந்ததும், 'இன்னைக்கு அஞ்சு சதந்தான்'னு சொல்லுவாரு."

"சதமோ?"

"ஆமா சேர். தோட்டத்துல மழைக்கும் காசுக் கணக்குத்தான். ஒரு இஞ்சின்னா ஒரு ரூவா. அதுல நூத்துல ஒண்ணு ஒரு சதம். நல்ல மழைன்னா, 'அடேயப்பா, இன்னைக்கு மூணு ரூவா இருபது'ன்னு லயத்துக்கே கேக்கக் கத்துவாரு. நாங்க, 'அப்ப முட்டாசி வாங்கித் தாங்கப்பா'ன்னு கேப்போம்."

அவர் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து என் கையில் தந்தார். "அஞ்சு சதத்தை அவர் எப்பிடி எழுதுவார்? எழுதிக் காட்டுங்கோ."

எழுதினேன். ஒரு புள்ளி, பக்கத்தில் ஐந்து.

"ஐம்பது சதத்தை?"

ஒரு புள்ளி, ஐந்து, சைபர்.

விரிவுரையாளர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி தன் தாள்களை எடுத்து முதலிலிருந்து புரட்டத் தொடங்கினான். அவனுக்கு அப்பாவின் குரல் தெரியாது. அவர் ரூபாயும் சதமுமாக மழை சொன்னதை அவன் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்தவனுக்குப் புள்ளி ஐந்தும், புள்ளி ஐந்து சைபரும் ஒன்றுதான். சைபரை எழுதுவது வீண் வேலை. அப்பாவுக்கோ ஒன்று தூறல், மற்றது அரை அங்குல மழை.

"நான் கொப்பி பண்றப்ப சைபரையெல்லாம் விட்டுட்டேன் சேர்," என்றான்.

"நானெண்டாலும் விட்டுத்தான் இருப்பன்," என்றார் அவர். "அந்தப் புத்தகம் இருந்தால் பிரச்சினை இல்லை. திரும்பப் பார்த்து எழுதலாம்."

பேராதனையிலிருந்து லொறியை நேரே எல்கடுவைக்கு விட்டேன். தோட்டத்தை அதற்குள் அரசாங்கம் எடுத்திருந்தது. வெள்ளைக்காரத் துரையும் இல்லை, கிளாக்கர் ஐயாவும் இந்தியாவுக்குப் போய்விட்டார். புதிதாக வந்திருந்த அதிகாரி நல்ல மனுஷன். என் சிங்களத்தைக் கேட்டு, ஊர் எது என்று விசாரித்துக் கதிரை போட்டார். பழைய புத்தகங்களைக் கறையான் அரித்ததால் ஆபீஸ் துப்புரவு செய்தபோது எல்லாவற்றையும் பெக்டரி அடுப்பில் போட்டுவிட்டார்களாம். தேயிலை காய்கிற அடுப்பு. எந்த மாதத்துத் தேயிலையோ அந்த மழையில் காய்ந்து, டப்பாவில் ஏறி எங்கேயோ போயிருக்கும். அதிகாரி எனக்காக வருத்தப்பட்டார். நான் நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். வேறு என்ன செய்ய?

விரிவுரையாளர் கைவிடவில்லை. சின்ன மழையை விட்டுவிட்டு, வருஷத்துக்கு வருஷம் பெய்த மிகப் பெரிய மழையை மட்டும் எடுத்துச் செய்யலாம் என்றார். "நாலு ரூவா, அஞ்சு ரூவா மழையில சில்லறை பிழைச்சாலும் பெரிசாய்ப் பாதிக்காது," என்று எங்கள் கணக்கிலேயே சொன்னார். அதற்கு வேறு கோடு, வேறு அட்டை. அவரும் தம்பியும் உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து எழுதினார்கள். நான் கோட் மாட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய், பாஸ்போர்ட்டில் குத்திய தேதியைத் தள்ளித் தரச் சொல்லி ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். ஒரு மாதம் போதும் என்றேன். பரீட்சை என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், முடியாது என்று. வெளியே வந்து லொறிப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவோ ஆட்களை மடக்கின வாய் இது.

அட்டைகள் முடிந்தபோது பயணத் தேதி வந்துவிட்டது. மாத்தளை ஸ்டேஷனில் அன்று எல்கடுவ, ரத்தோட்டைப் பக்கத்துச் சனம் நிறைய ஏறியது. ஏறுகிறவர்களைக் கட்டிப்பிடித்து, சாவு வீட்டில் அழுகிற மாதிரியே ஒப்பாரி வைத்தார்கள். அம்மா ஜன்னலோரம் பெட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆத்தா, போனதும் கடுதாசி போடச் சொல்லுங்க," என்றேன்.

"ஒன்னய வுட்டுட்டு என்னத்தடா கடுதாசி," என்றாள்.

தம்பி கடைசி வரைக்கும் பிளாட்பாரத்திலேயே நின்றான். அவன் கையிலிருந்த பை கனமில்லை. நான் ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"அண்ணே, அட்டையக் கீழ போட்டுறாதீங்க. வரிசை கலைஞ்சா போச்சு. கயித்த இறுக்கிக் கட்டாதீங்க, ஓரம் மடங்கிரும். றப்பர் பேண்ட் போடுங்க."

"நான் மடியில வச்சுக் கொண்டு போறேன்டா."

"அரை மாசத்துல விடை வந்திரும். வந்ததும்..." ரயில் ஊதியது. வந்ததும் என்ன செய்வது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஓடிப்போய் ஏறினான்.

அந்தக் கிழமையே கொழும்புக்குப் போனேன். மூட்டைகளைக் கடையில் இறக்குவதற்கு முன்னால் அட்டைக் கட்டைத்தான் இறக்கினேன். ஒரு மடிப்பில்லாமல், வரிசை கலையாமல் கொடுத்தேன். தாள் வந்தபோது அதைப் பிரிக்காமல் பேராதனைக்குக் கொண்டுபோனேன். விரிவுரையாளர் மேசை நீளத்துக்கு விரித்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். நட்சத்திரம் நட்சத்திரமாக அச்சாகியிருந்த மழை, ஒரு கோட்டை ஒட்டியபடி வளைந்து போனது. எனக்கே தெரிந்தது.

"பொருந்தீட்டுது, அண்ணை," என்றார். "வடிவாய்ப் பொருந்தீட்டுது."

"அப்ப பட்டம் குடுப்பாங்களா சேர்?"

அவர் தாளின் ஓரத்தைச் சரி செய்துகொண்டே இருந்தார். "எழுத்தை நான் முடிச்சுக் குடுக்கலாம். பிள்ளை வந்து பரீட்சகர் முன்னால நிண்டு சொல்ல வேணும். அதை நானோ நீங்களோ செய்ய ஏலாது."

அவர் கேட்காமலே அந்தத் தாளை மடித்து என்னிடம் தந்தார். தம்பிக்குக் கடிதம் எழுதினேன், கோடு பொருந்திவிட்டது என்று. பதிலில் அம்மாவுக்குச் சளி என்றும், நூல் மில்லில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது என்றும், வேலைக்கான விண்ணப்பப் பாரத்தில் படிப்பு என்ற இடத்தில் பள்ளிப் படிப்பு என்று போட்டிருக்கிறான் என்றும் இருந்தது. மழையைப் பற்றி ஒன்றும் இல்லை.

அம்மா தவறிய பிறகு நான் கப்பலேறிப் போய் அவனைப் பார்த்தேன். தகர வீடு, சுத்தமாக வைத்திருந்தான். மனைவிக்கு என்னைக் காட்டி, "லொறி முதலாளி, எங்கண்ணன்," என்றான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சாப்பிட்டு முடிந்து, அவள் உள்ளே போன நேரம் பார்த்து நான் பையிலிருந்த அந்த மழைத் தாளை எடுத்தேன்.

அவன் அதைப் பார்த்துவிட்டான். கை நீட்டவில்லை.

"வைங்கண்ணே," என்றான். "வெயில் தாழ்ந்திருச்சு. வாங்க, கடைத்தெருப் பக்கம் போயிட்டு வருவோம்."

மடித்தபடியே பையில் வைத்துவிட்டு அவனோடு நடந்தேன்.