கங்காணியம்மா

ஒரு பெண்ணுக்குக் கிடைத்த வேலையை அவளுடைய புருஷனுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். சிபாரிசு ஏதும் செய்யவில்லை. ஒரு சொல்லை எழுதினேன், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நானே சலுகையில் பிழைத்தவன். தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒதுக்கிய இடத்தில்தான் ஆசிரியரானேன். டவுன் பள்ளிக்கூடத்துக்காரர்கள் 'கோட்டா மாஸ்டர்' என்பார்கள். அந்தக் காயத்தை ஆற்றத்தான் இத்தனை புத்தகம் படித்தேன்.

எங்கள் அக்கரப்பத்தனைப் பக்கம் கொழுந்து பறிப்பவர்கள் பெண்கள். பின்னால் நின்று 'வெரசாப் பறி' என்று சொல்லும் கங்காணி ஆண். இது மழை மாதிரி. யாரும் காரணம் கேட்டதில்லை. ஆனால் வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள் கேட்டுவிட்டார்கள். உடனே நிர்வாகத்துக்குப் பெண்ணுரிமை ஞாபகம் வந்து, இருபது வருஷமாகக் கொழுந்து பறித்த ஒரு பெண்ணைக் கங்காணியாக்கியது. மூன்று மாதம் பரீட்சை. அவளுக்குக் கீழே கொழுந்து பறிக்கும் கூட்டம் அவள் சொல் கேட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி கூடை.

நியமனக் கடிதம் இங்கிலீஷிலும் சிங்களத்திலும் வந்தது. பெரட்டுக்களத்தில் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிறவர்கள் அத்தனை பேரும் தமிழர்கள் என்பது ஆபீசுக்குக் கடைசி நிமிஷத்தில்தான் தெரிந்தது. தமிழில் எழுதித் தர மாஸ்டரான என்னைக் கூப்பிட்டார்கள். மரியாதையும் இருக்கட்டும், பெண் என்பதும் தெரியட்டும் என்று, 'கங்காணியம்மாவாக நியமிக்கப்படுகிறார்' என்று எழுதி, நானே கணீரென்று வாசித்தேன்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் கங்காணியம்மா என்றால் கங்காணியின் பெண்சாதி. ஐம்பது வருஷம் லயத்தில் வாழ்ந்த எனக்கு அது தெரியும். எழுதும்போதுதான் தெரியவில்லை.

அப்படியானால் கங்காணி யார்? தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற அவளுடைய புருஷன்தான். அன்று சாயந்தரமே 'வாங்க கங்காணி' என்றார்கள். அவரும் மறுக்கவில்லை, எங்கிருந்தோ கங்காணிகள் போடுகிற கறுப்புக் கோட்டு ஒன்றைப் பிடித்துவிட்டார். ஆண்களுக்கு வேலை மத்தியானத்தோடு முடிகிறது. மத்தியானத்துக்குப் பிறகு மலையேறி வந்து மேட்டில் நிற்பார். பெண்கள் அட்டைக்கடியிலிருந்து அரைநாள் லீவு வரை அவரிடமே முறையிடுவார்கள்.

இரண்டரை மாதம் கழித்து அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

"மாஸ்டர், அந்தக் கடுதாசியில என்னங்க எழுதுனீங்க?"

"மரியாதையாத்தான்மா எழுதுனேன்."

"மரியாதைய நீங்களே வச்சுக்கங்க. கண்டாக்கையா நேத்து எங்க வீட்டுக்காரருகிட்ட கேக்குறாரு, 'என்னப்பா, ஒன் கூட்டம் எப்படி?'ன்னு. இவரும், 'பரவால்லைங்கய்யா'ங்கிறாரு. பெரிய தொரை பாக்க வர்றதுக்கு இன்னும் பத்து நாளுதான் இருக்கு. எனக்குக் கூடைதான்."

கண்டாக்கையாதான் மலை வேலைகளைப் பார்க்கும் உத்தியோகஸ்தர்; பெரிய துரை தோட்டத்து மானேஜர். அவரே அப்படிக் கேட்டால் ஆபீசே கேட்ட மாதிரி. எனக்கு வியர்த்தது. வியர்த்தால் நான் இலக்கணம் பேசுவேன். ஆண்பால், பெண்பால், பொதுப்பால் என்று கால் மணிநேரம் விளக்கினேன். நின்றபடியே கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அந்த 'அம்மா'வ வெட்டிருங்க மாஸ்டர்."

வெட்டினேன். மறுநாள் பெரட்டில் மறுபடி வாசித்தேன்: 'கங்காணியாக நியமிக்கப்படுகிறார்.' பின்வரிசையில் ஒரு பெண், "அப்ப கோட்டுப் போட்டவரு யாருடி?" என்றாள்.

"அவரு கங்காணி வீட்டுக்காரரு" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

பெரிய துரை வந்த அன்று மேட்டில் அவள் மட்டும்தான் நின்றாள். செடி வரிசையான நெரையை மாறச் சொன்னாள், கூட்டம் மாறியது. வேலை நிரந்தரமானது. ஒரு சொல்லைத் திருத்தி ஒரு சமூகத்தையே திருத்தியதாக நான் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்புக்கும் பாடம் நடத்தினேன். கேட்காத ஆசிரியர்களுக்கும் சொன்னேன்.

போன மாதம் லிந்துலை பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். "பாத்தீங்களாம்மா, ஒத்தச் சொல்லு என்ன வேலை பாத்துச்சுன்னு" என்றேன்.

"ஆமாங்க மாஸ்டர்" என்றாள் பணிவாக. இறங்கும்போது, மனசு கேட்காதவள்போலத் திரும்பி, "தொரை வந்த அன்னைக்கு அவரு லீவு போட்டுட்டு, காலையிலயே கோட்ட மாட்டிக்கிட்டு நின்னாருங்க. நான்தான் வெளியில நாதாங்கியப் போட்டுட்டு வந்தேன்" என்றாள்.