துணி ஒட்டிய 1650

செல்வகுமாருக்கு முப்பத்திமூன்று வயது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் தேய்ந்துபோன உருளைகளைக் கழற்றிப் புதுசு மாட்டும் வேலை. பதினோரு வருடமாக கான்ட்ராக்ட். அதே உருளையின் மறுமுனையைப் பிடித்துத் தூக்குகிறவன் வெங்கடேஷ். அவன் பெர்மனென்ட். உருளையின் கனம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். அதைப் பற்றி செல்வகுமார் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அவன் வாய் திறந்து பேசியதெல்லாம் லேப்டாப் கிராபிக்ஸ் கார்டைப் பற்றித்தான்.

குடி கிடையாது, சீட்டு கிடையாது. கார் ரேஸ் விளையாட்டு ஒன்றுதான் அவனுக்குப் பைத்தியம். மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் காரைத் திருப்பினால் அரை நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்பும். "உன் வண்டிக்கு ஸ்டீரிங் இங்கயும் சக்கரம் கடலூர்லயும் இருக்குது" என்று அவன் மனைவி சங்கீதாவே கேலி செய்வாள்.

ஒரு வருடம் சேர்த்த பணத்தோடு பண்ருட்டிக்குப் பஸ் ஏறினான். அங்கே செங்குட்டுவன் என்பவர் பழைய லேப்டாப் வாங்கி விற்கும் கடை வைத்திருந்தார். கடையில் அவனுக்குத் தோதாக இரண்டு இருந்தன. ஒன்றில் 1050 டி.ஐ. கார்டு, இன்னொன்றில் அதைவிட வேகமான 1650. இரண்டுமே பழைய கார்டுகள்தான், ஆனால் அவன் ஆட்டத்துக்குப் போதும். வாரவிடுமுறை தவறாமல் மூன்று வாரம் போனான். ஒரே விளையாட்டு, ஒரே பாதை, ஒரே கார். இரண்டிலும் மாற்றி மாற்றி ஓட்டினான். திரையில் நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று மூலையில் ஒரு எண் காட்டும். எண் ஏற ஏற ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும். 1050 டி.ஐ. நாற்பத்தைந்து காட்டியது. 1650 அறுபத்திரண்டு. விலையில் ஏழாயிரம் வித்தியாசம்.

"தம்பி, நீ முடிவு பண்றதுக்குள்ள ரெண்டுமே பேரப்புள்ள எடுத்துடும்" என்றார் செங்குட்டுவன்.

செல்வகுமார் முடிவு பண்ணிவிட்டான். 1650தான். கையிலிருந்ததில் ஏழாயிரம் குறைந்தது, அடுத்த சம்பளம் வந்தால் சரியாகிவிடும். மறுநாள் டீ நேரத்தில் சந்தோஷம் தாங்காமல் வெங்கடேஷிடம் எல்லாவற்றையும் கொட்டினான். எந்தக் கடை, எந்த லேப்டாப், அறுபத்திரண்டு என்ற எண், எல்லாம்.

சனிக்கிழமை வெங்கடேஷ் போய் அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"நீ சொன்னா சரியாத்தான் மாப்ள இருக்கும்" என்றான் திங்கட்கிழமை, வெள்ளையாகச் சிரித்துக்கொண்டே. "பாத்தேன், எடுத்துட்டேன். நீயும் அந்த இன்னொண்ண எடுத்துடு. ரெண்டு பேரும் சேந்து ஆடலாம்."

அவன் மனதில் சூது இல்லை. அதுதான் செல்வகுமாருக்கு இன்னும் எரிந்தது. சூது இருந்தால் சண்டை போடலாம். கடையில் ஒரு சட்டை பிடித்திருக்கிறது என்று சொன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறவனை என்ன செய்வது?

செல்வகுமார் 1050 டி.ஐ.யை வாங்கினான். ஏழாயிரம் மிச்சம் என்று சங்கீதாவிடம் சொன்னான். விலைக்கு இதுதான் லாபம் என்று கூட வேலை செய்யும் கேங்கில் எல்லோரிடமும் சொன்னான். யாரும் கேட்காதபோதும் சொன்னான். பிறகு அந்த லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டான். ஆளை நம்பாமல் தானே கழற்றி விசிறியைத் துடைத்தான். சூடு கடத்தும் பசையைப் புதுசாகப் பூசினான். இன்னொரு மெமரி வாங்கிப் போட்டான். நாற்பத்தைந்து ஐம்பதாயிற்று. அதற்கு மேல் என்ன செய்தாலும் நகரவில்லை. உருளையைத் தூக்கும்போதெல்லாம் எதிர்முனையில் இருக்கும் முகத்தைப் பார்ப்பான். அறுபத்திரண்டு என்று தோன்றும்.

இரண்டு மாதம் கழித்து வெங்கடேஷ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"மாப்ள, அந்தச் சனியன் மொதல்ல அஞ்சு நிமிஷம் நல்லா ஓடுது. அப்புறம் திக்குது. சூட்டுல கைய வெக்க முடியல. ஒரு எட்டு வந்து பாரேன்."

வெங்கடேஷ் இருப்பது இருபத்தொன்றாம் பிளாக் கம்பெனி குவார்ட்டர்ஸ். செல்வகுமார் போனான். விளையாட்டைப் போட்டான். அறுபத்திரண்டில் தொடங்கிய எண் மளமளவென்று இறங்கி இருபத்திரண்டில் நின்றது. லேப்டாப்பை மூடித் தலைகீழாகத் திருப்பினான்.

அடிப்பக்கம் முழுக்க வெள்ளைத் துணி. காற்று உள்ளே போகும் துளைகளை எல்லாம் மூடி, ஓரம் பிசகாமல் டேப் போட்டு ஒட்டியிருந்தது.

"நான்தாண்ணே ஒட்டினேன்" என்றாள் வெங்கடேஷின் மனைவி சத்யப்பிரியா, பெருமையாக. "ஜன்னலத் தொறந்தா கரித்தூளு வந்து அப்பிக்குதுங்க. டி.வி.க்கு ஒறை தெச்சிப் போட்டிருக்கேன், மிக்சிக்குப் போட்டிருக்கேன். இதுக்கு மட்டும் செஞ்சவன் அடியில ஓட்ட ஓட்டயா வுட்டு வெச்சிருக்கான். தூசி போவாதா?"

செல்வகுமார் துணியில் விரல் வைத்தான். கெட்டிக் காடாத் துணி. இதைக் கிழித்து எறிந்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அவனுக்குத் தெரிந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொன்னால் மனுஷனே ஓட மாட்டான்; சூடு ஏறினால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நாக்கின் நுனி வரை வந்துவிட்டது.

"கார்டு தளந்துபோச்சு மச்சான்" என்றான்.

"தளந்துபோச்சா?"

"பழசு இல்ல? 1650ல சிலது இப்படி ஆவும். ஒண்ணும் பண்ண முடியாது." லேப்டாப்பை நிமிர்த்தி வைத்தான். "வேணும்னா ஒண்ணு பண்ணு. என்னுத நீ எடுத்துக்க. இத நான் வெச்சி எதாவது தட்டிப் பாக்கறேன்."

வெங்கடேஷ் அவனையே பார்த்தான். "நல்லா ஓடறத எனக்குக் குடுத்துட்டு நீ இதக் கட்டிக்கினு அழுவப் போறியா?"

"பரவால்ல வுடு."

மறுநாள் கேங்கில் இருந்த அத்தனை பேரிடமும் வெங்கடேஷ் இதைச் சொன்னான். "கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்டா" என்றான். செல்வகுமார் குனிந்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். முடுக்கி முடிந்த நட்டை இன்னும் ஒரு சுற்று முடுக்கினான்.

வீட்டில் துணியைப் பிய்த்த அன்று அறுபத்திரண்டு வந்தது. விசிறியைத் துடைத்துப் பசை பூசியதும் அறுபத்தெட்டு. கார் எண்ணெயில் போவது போலப் போனது. சங்கீதாவைக் கூப்பிட்டுக் காட்டினான். "எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். காட்டுவதற்கு வேறு ஆள் இல்லை. காட்டக்கூடிய ஒரே ஆளிடம்தான் காட்டவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஆட வெங்கடேஷ் கூப்பிட்டான். லேப்டாப்பைப் பையில் வைக்கும்போதுதான் செல்வகுமாருக்கு உறைத்தது. இது நன்றாக ஓடினால் விஷயம் வெளியே வந்துவிடும். குப்பைக் கூடையிலிருந்து அந்தக் காடாத் துணியை எடுத்தான். உதறினான். டேப் போட்டுத் தன் கையாலேயே திரும்ப ஒட்டினான்.

அன்று ஐந்து பந்தயம். ஐந்திலும் தோற்றான். வாரா வாரம் அதுவே நடந்தது. ஒட்டிக்கொண்டு போவான், தோற்றுவிட்டு வருவான், பிய்த்துவிட்டுத் தனியாக ஆடுவான். தோற்பதைவிட இன்னொன்று அவனை அரித்தது. வெங்கடேஷ் கையில் 1050 டி.ஐ. பிசிறில்லாமல் ஓடியது. துளி சூடு இல்லை, சத்தம் இல்லை. தான் துடைத்த விசிறி, தான் போட்ட மெமரி. தன் பழைய லேப்டாப் தன்னை விட்டுவிட்டு அடுத்தவன் மடியில் உட்கார்ந்து சிரிப்பதாகத் தோன்றியது. 1650ஐப் பார்த்து ஏங்கியவன் இப்போது 1050 டி.ஐ.யைப் பார்த்துப் புழுங்கினான்.

"நொண்டி வண்டிய எதுக்குடா இழுத்துக்கினு வர? நடந்து வந்தாலே ஜெயிச்சிருப்ப" என்பான் வெங்கடேஷ்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் சத்யப்பிரியா உள்ளேயிருந்து வந்தாள். கையில் கத்தரிக்கோல், டேப், துவைத்து மடித்த காடாத் துணி.

"அந்த லேப்டாப்பக் குடுங்க" என்றாள் புருஷனிடம். "அண்ணன் எவ்ளோ பத்தரமா வெச்சிருந்து குடுத்தாரு. ஒரு மாசமா அப்பிடியே தொறந்து கெடக்குது. தூசி போயி இதுவும் கெட்டுச்சுன்னா அண்ணன் மூஞ்சியில எப்படி முழிக்கறது?"

1050 டி.ஐ.யைக் கவிழ்த்து, துணியை அளவு பார்த்து வெட்டினாள். முதல் டேப்பை ஒட்டினாள். துளைகளில் பாதி மறைந்தது. செல்வகுமார் தன் கை விரல்களைப் பார்த்தான். பல் தேய்க்கும் பிரஷால் ஒவ்வொரு துளையாகச் சுத்தம் செய்த விரல்கள். இரண்டாவது டேப்பை இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஒட்டாதீங்க!"

கத்திவிட்டான். அவள் கை அப்படியே நின்றது.

"ஏண்ணே?"

"காத்து போவாது. மூச்சு முட்டிக் கெட்டுடும்."

வெங்கடேஷ் நிமிர்ந்தான். மனைவி கையில் இருந்த துணியைப் பார்த்தான். பிறகு செல்வகுமார் மடியில் இருந்த 1650ஐ மெதுவாக வாங்கித் திருப்பினான். அங்கே அதே துணி. ஆனால் அவள் ஒட்டிய மாதிரி ஓரம் நேராக இல்லை. டேப் மேல் டேப்பாக நாலு அடுக்கு.

"இது நான் ஒட்டினது இல்லியே" என்றாள் சத்யப்பிரியா.

வெங்கடேஷ் துணியைப் பிய்த்தான். விளையாட்டைப் போட்டான். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஓட்டினான். எண் இறங்கவே இல்லை.

"எவ்ளோடா வருது? உன் வாயாலயே சொல்லு."

"அறுவத்தெட்டு" என்றான் செல்வகுமார்.

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா."

கேட்காமலே எல்லாம் கிடைக்கிறவனிடம் போய்க் கேட்டு நிற்க வேண்டும் என்பதுதானே செல்வகுமாருக்குப் பொறுக்காதது. வெங்கடேஷ் 1650ஐத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். 1050 டி.ஐ.யை அவன் பக்கம் தள்ளினான். சத்யப்பிரியா ஒட்டிய அந்த ஒற்றை டேப்பை உரித்துவிட்டுத்தான் தள்ளினான்.

அன்று மாலை வீட்டில் போட்டுப் பார்த்தபோது ஐம்பது காட்டியது. ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கண் மூலைக்கே போனது. இருபத்தொன்றாம் பிளாக்கில் இந்நேரம் அறுபத்தெட்டு ஓடிக்கொண்டிருக்கும். அதற்குப் பசை பூசியதும் இதே கைதான்.

மறுநாள் ஷிப்ட். பெல்ட்டுக்கு அடியில் போவதற்கு முன் எல்லோரும் மூக்கிலும் வாயிலும் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். செல்வகுமார் இறுக்கிக் கட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். வெங்கடேஷ் வந்து உருளையின் மறுமுனையைப் பிடித்தான். அவன் முகத்தில் இறுகிக் கிடந்த துண்டைப் பார்த்தான்.

"மூச்சு வுட எடம் வெச்சிருக்கியா," என்றான், "இல்ல நாலு அடுக்கா?"

கேங்கில் ஒருவருக்கும் புரியவில்லை. செல்வகுமார் துண்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுத் தன் முனையைத் தூக்கினான்.