பந்தலில் தொங்கிய தேவாங்கு

மார்கழி விடியலில் சுருளிப்பட்டித் தோட்டமொன்றில் பழம் ஏற்றும் என் குளிர்பதன வண்டியுடன் திராட்சைக்காகக் காத்திருக்கிறேன். குலையை இடது கையால் தாங்கிக்கொண்டு வலது கையால் காம்பைக் கத்தரிப்பது இங்கே பழக்கம். பந்தலுக்கடியில் பழம் வெட்டும் பெண்களில் ஒருத்தியான செல்வி அப்படித் தாங்கியது குலையை அல்ல. கொடியைப் பிடித்தபடி சுருண்டு தொங்கிய ஒரு தேவாங்கை.

"சில்லுனு இருக்குண்ணே, செத்துப்போச்சு போல! இங்கனயே புதைச்சிட்டுத்தேன் மத்ததை வெட்டணும்."

பழத்தின் சூடு பார்க்கும் கருவியை அதன்மேல் காட்டுகிறேன். பக்கத்துக் குலைக்கு வந்த எண்ணேதான் ஏறக்குறைய வருகிறது. கருவியில் கோளாறோ என்று செல்வியின் நெற்றியிலும் பார்க்கிறேன். அது சரியாகத்தான் காட்டுகிறது. அப்போது தேவாங்கின் வயிறு மெல்ல ஏறி இறங்குகிறது.

"உயிர் இருக்கு, தொடாதீங்க" என்கிறேன்.

அந்த வரிசையை விட்டுவிட்டு மற்றதை வெட்டுகிறார்கள். வெயில் ஏற ஏற தேவாங்கின் எண்ணும் ஏறுகிறது. வண்டி நிறைந்தும் எனக்குக் கிளம்ப மனம் வரவில்லை.

பொழுது சாயும்போது அது கண் திறக்கிறது. முகமே கண்ணாக எங்களைப் பார்க்கிறது. பிறகு ஒவ்வொரு கையாக, அவசரமே இல்லாமல், கொடிக்குள் நுழைந்து மறைகிறது.

செல்வி தன் நெற்றியைக் காட்டுகிறாள். கருவியை நீட்டுகிறேன். காலையில் அவளுக்கு வந்த அதே எண்.

"நாள் பூராம் வெயில்ல நின்னேனேண்ணே, எனக்கு ஏறவே இல்லையா?" என்கிறாள் ஏமாற்றத்தோடு.