சரக்கு இறக்காத பெட்டி

நேப்பிள்ஸ் கப்பலுக்கு இன்னும் நேரம் கிடக்கிறது. பலேர்மோ துறைமுகத்துக்குப் பின்னால், புல் மூடிய தண்டவாளத்தில் ஒற்றைச் சரக்குப் பெட்டி நிற்கிறது. முன்பு சர்க்கரை ஆலைக்கு பீட் கிழங்கு ஏற்றிய, கூரையில்லாத பெட்டி. துருவுக்கு நடுவே பீட் கிழங்கைக் குறிக்கும் 'பார்பாபியேத்தொலே' என்ற இத்தாலிய எழுத்து இன்னும் தெரிகிறது. உள்ளே மண் நிரப்பி இங்குள்ள ஈழத்தமிழர்கள் பீட்ரூட் போட்டிருக்கிறார்கள். மாதா கோயிலுக்குப் போன உடுப்பைக்கூட மாற்றாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பவர் மன்னாரிலிருந்து வந்த ஜெசிந்தா அக்கா.

"சர்க்கரை எடுக்கிற பீட் வெள்ளையாக அல்லவா இருக்கும்?" என்கிறேன்.

"இஞ்சை ரெண்டுக்கும் ஒரே பேர்தான் தம்பி. பெட்டியிலை இருந்த பேரைச் சொல்லிக் கடையிலை விதை வேண்டினம். சிவப்பா வந்திட்டுது," என்று சிரிக்கிறார்.

போன வருடம் பெட்டியைப் பழைய இரும்புக்கு இழுத்துப்போக ரயில்வே ஆள் ஒருவர் வந்தாராம். ஏறி எட்டிப் பார்த்தாராம். இறங்கி, சாக்பீஸால் பக்கவாட்டில் 'காரிக்கோ' என்று எழுதிவிட்டுப் போய்விட்டாராம்.

"சரக்கு இருக்கெண்டு அர்த்தம். சரக்கோடை நிக்கிற பெட்டியை உடைக்க ஏலாதாம்."

எழுத்து பளிச்சென்று இருக்கிறது.

"மழை பெய்தால் அழிஞ்சுபோகும். நாங்கள் திரும்ப எழுதிவிடுவம்."

எனக்கென்று இரண்டு கிழங்கு பிடுங்கித் தருகிறார். நான் நன்றி சொல்வதற்குள் குனிந்து, அந்த இரண்டு குழியிலும் விதை ஊன்றுகிறார்.

"இப்பவேவா, அக்கா?"

"ஓம். பெட்டி வெறுமையா நிக்கக் கூடாதெல்லே."