கறுப்புச் சன்னலில் வந்த வரி

என் அக்காவின் கணவரை அலுவலகத்தில் எல்லோரும் பெட்டிக்காரர் என்றுதான் சொல்வார்கள். தண்ணீரைப் பரிசோதிக்கும் லேப்களுக்காக அவர் எழுதிய புரோகிராம்தான் அந்தப் பெயருக்குக் காரணம். லேப் ஆட்களுக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் கிடையாது. அதனால் திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள் வைத்தார். எடு என்று ஒரு பெட்டி, குலுக்கு என்று ஒன்று, காத்திரு, அள, கொட்டு என்று இன்னும் சில. மவுஸால் பெட்டிகளை இழுத்து வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு போட்டுவிட்டால், மேசைமேல் இருக்கும் இயந்திரக் கை அந்த வரிசைப்படியே டியூபை எடுக்கும், குலுக்கும், தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளக்கும். பன்னிரண்டு வருடமாக அதுதான் அவருக்குச் சோறு. அதே அலுவலகத்தில் லேப்களிலிருந்து வரும் புகார்களைத் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளும் மேசை எனக்கு. அத்தானின் முதுகு தெரியும் தூரம்.

அத்தானுக்கு மனிதர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. வீட்டைப் பூட்டிவிட்டுக் கைப்பிடியை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். நான்காவது முறை படியிறங்கிய பிறகு திரும்பி வந்து இழுப்பார். மாடி வீட்டுக்காரர் சிரித்தால், இவன் எதற்கு அடி போடுகிறான் என்பார். கடிதம் வந்தால் உறையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்த பிறகுதான் கிழிப்பார். ஆனால் பொருள்கள் மேல் அவருக்கு இந்தச் சந்தேகமே கிடையாது. சமையலறைக் குழாய் இரண்டு வருடமாகச் சொட்டுகிறது. கீழே அக்கா ஒரு வாளி வைத்திருக்கிறாள், அது நிறைந்தால் கொட்டிவிட்டு மறுபடி வைப்பாள்.

வெளிநாட்டிலிருந்து இங்கே வந்து வேலை பார்க்கிறவர்களுக்குப் பர்மிட் என்ற ஒரு காகிதம்தான் காலுக்குக் கீழே இருக்கும் தரை. அத்தானின் பர்மிட் முடிய ஒன்பது வாரம் இருந்தது. 'இவர் எங்களுக்கு இன்னும் தேவை' என்று மேலாளர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தால்தான் நீட்டிப்பார்கள். கொடுக்காவிட்டால் அத்தான், அக்கா, பள்ளியின் கடைசி வருடத்தில் இருக்கும் மகள், மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். எப்போதும் மூன்று மாதம் முன்பே வந்துவிடும் கடிதம் இந்த முறை வரவில்லை. கேட்டதற்கு மேலாளர், இந்த வேலை முடியட்டும், பார்க்கலாம் என்றாராம்.

அவர் சொன்ன இந்த வேலை, கன்சோல். பெட்டி புரோகிராமுக்குள்ளேயே ஒரு கறுப்புச் சன்னல் வேண்டும். அதில் ஒரு வரி தட்டி என்டர் அடித்தால் புரோகிராம் உடனே பதில் சொல்ல வேண்டும். பரிசோதனை பாதியில் நின்றுபோனால் லேப்காரர்களுக்கு ஏன் நின்றது என்று தெரிவதில்லை. எந்தப் பெட்டிக்குள் என்ன எண் இருக்கிறது, கை எங்கே நிற்கிறது என்று அவர்களே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். இந்தக் கோரிக்கையைத் தொலைபேசியில் நூறு முறை எழுதிக்கொண்டவன் நான்தான். அத்தான் அதையும் நம்பவில்லை.

அன்று மதியம் என்னிடம் அவர், "மாப்ளே, இப்போ என்ன ஆனாலும் என்னைத்தான் கூப்பிடுறாங்க. அதுவே நேரா பதில் சொல்ல ஆரம்பிச்சிட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்று கேட்டார்.

அந்தச் சந்தேகத்துக்கு எண்ணெய் வார்த்த மாதிரி அதே வாரம் ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். முன்பு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். அதனால் டீச்சர் என்ற பெயர் முதல் நாளே ஒட்டிக்கொண்டது. அவளும் எங்களைப் போல வெளியிலிருந்து வந்த தமிழ்க்காரி, ஆறு மாதம் தகுதி பார்க்கும் காலத்தில் இருந்தாள். சன்னலின் வெளிப்பக்கம் டீச்சருக்கு: எழுத்து, நிறம், மேல் அம்புக்குறியை அழுத்தினால் முன்பு தட்டிய வரி திரும்ப வருவது. உள்பக்கம் அத்தானுக்கு: சன்னலைப் புரோகிராமின் வயிற்றோடு இணைப்பது. பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அத்தான் தன் திரையை அரை முழம் திருப்பி வைத்துக்கொண்டார்.

முதலில் வேலை இழுத்தடித்தது. சன்னலில் வரி தட்டினால் பெட்டிகள் எல்லாம் உறைந்துபோய்விடும். புரோகிராம் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நிற்கும், மவுஸை அசைத்தாலும் திரும்பிப் பார்க்காது. இரண்டையும் தனித்தனி ஓட்டமாகப் பிரித்து, ஒன்றை ஒன்று மறிக்காமல் ஓட வைக்க இரண்டு வாரம் பிடித்தது. அடுத்து, புரோகிராம் தன் போக்கில் வெளியே சொல்லும் எல்லாவற்றையும் சன்னல் பக்கம் திருப்பிவிட வேண்டும். ஐகானைத் தட்டித் திறக்கிற புரோகிராம் எதையாவது சொன்னாலும் அது காற்றோடு போய்விடும், கேட்க இடமில்லை. இப்போது இடம் கிடைத்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அத்தான் அந்த இணைப்பைப் போட்டு, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஒரு டியூபை வைத்து, வழக்கமான பரிசோதனை ஒன்றை ஓட்டினார்.

கை டியூபை எடுத்தது, குலுக்கியது, அளந்தது. கறுப்புச் சன்னலில், ஆங்கில எழுத்தில், தமிழில் ஒரு வரி வந்தது:

'குளிர் கணக்கு சும்மா போட்டது. யாரும் பாக்கல. அப்புறம் பாத்துக்கலாம் விடு.'

அத்தான் சன்னலை மூடிவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தாராம். டீச்சர் தன் திரையில் எழுத்தின் அளவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தாளாம். அவள் திரும்பாமல் இருந்ததே அவருக்குப் பெரிய ஆதாரமாகப் பட்டது.

சங்கதி இதுதான். தண்ணீர் குளிர்ந்திருந்தால் உப்பின் அளவு குறைவாகக் காட்டும். அதைச் சரிக்கட்ட 'அள' பெட்டிக்குள் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு பொய் என்று சன்னல் சொல்கிறது. மூன்று வாரத்தில் பெரிய லேப் ஒன்றின் ஆட்கள் நேரில் பார்க்க வரப் போகிறார்கள். அவர்கள் முன்னால் இந்த வரி வந்தால் கடிதமும் இல்லை, பர்மிட்டும் இல்லை. தன்னைக் கவிழ்க்க இதைவிட நல்ல வழி உண்டா என்று அத்தான் யோசித்தார். யாருக்கு லாபம் என்றும் யோசித்தார். இரண்டு கேள்விக்கும் பதில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

யார் எந்த நாளில் எந்த வரியை மாற்றினார்கள் என்று எங்கள் அலுவலகத்தில் பதிவு இருக்கும். அத்தான் டீச்சரின் பெயரைப் போட்டு, அவள் தொட்ட எல்லாவற்றையும் ஒன்று விடாமல் படித்தார். ஐந்து நாள். ஒன்றும் அகப்படவில்லை. வேறு ஆளாக இருந்தால் அதோடு சந்தேகம் தீர்ந்திருக்கும். இவருக்கோ அது முற்றிவிட்டது. தடயமே விடாமல் செய்திருக்கிறாள் என்றால் எவ்வளவு கைகாரி! நடுவில் ஒரு நாள் டீச்சர், "சார், சன்னல்ல ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டிருக்கிறாள். ஒன்றும் வரவில்லை என்று சொல்லிவிட்டு, அவள் கேட்ட நேரத்தைக்கூட ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை மேலாளரிடம் போனார். புதிதாக வந்தவர் புரோகிராமின் உள்ளே கை வைக்கிறார், ஆதாரம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், அதுவரை அவரை உள்ளே விட வேண்டாம் என்று எழுதியே கொடுத்தார். வந்த வரி என்ன என்பதை மட்டும் எழுதவில்லை. மேலாளர் தாளைப் படித்துவிட்டு மேசை இழுப்பறையில் வைத்தார். அன்று சாயங்காலமே டீச்சரின் திரையிலிருந்து புரோகிராமின் உள்பக்கம் பூட்டப்பட்டது. அவள் அடுத்த நாளிலிருந்து மதியச் சாப்பாட்டை என் மேசைக்குப் பக்கத்தில் வந்து சாப்பிட்டாள். அத்தான் என்னையும் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் படிப்பதற்காக உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அத்தான் சமையலறையிலேயே என்னை உட்கார வைத்து, அந்த டீச்சர் உன்கிட்ட என்ன கேட்கிறாள் என்று விசாரித்தார். சாப்பாட்டு டப்பாவின் மூடி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள் என்றேன். அதையும் அவர் யோசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். திரையைப் படம் எடுத்து அச்சடித்த தாள்.

"இதைப் படி. இவ்வளவு துணிச்சல் யாருக்கு வரும்னு சொல்லு."

அடுப்பிலிருந்து திரும்பிய அக்கா என் தோளுக்கு மேலாக எட்டி, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள். படித்து முடித்துச் சிரித்துவிட்டாள்.

"ஏங்க, இது நீங்க எழுதினதுதானே?"

"நானா?"

"பின்னே யாரு? இந்தக் குழாய்க்கு ரெண்டு வருஷமா இதைத்தானே சொல்றீங்க. 'அப்புறம் பாத்துக்கலாம், விடு.' கட்டில் கால் ஆடினப்பவும் இதேதான். ஜன்னல் கொக்கி கழண்டப்பவும் இதேதான். கல்யாணமான மறுநாள் செருப்பு அறுந்துச்சே, அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க. வேற யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை."

அத்தான் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மடித்தார், மறுபடி பிரித்தார். வாளியில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. அன்று அவர் சாப்பிட்ட மாதிரித் தெரியவில்லை.

மறுநாள் காலையில் எனக்கு முன்னால் அலுவலகத்தில் இருந்தார். இந்த முறை யார் பெயரும் போடாமல், புரோகிராம் முழுவதும் தேடினார். ஒரு நொடியில் வந்துவிட்டது. 'அள' பெட்டிக்குள், அவர் பெயரில், பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியில். அவர் வேலையில் சேர்ந்த நான்காவது மாதம். பத்து டிகிரிக்குக் கீழே திருத்தம் எவ்வளவு என்ற பட்டியல் அப்போது கையில் இல்லை. ஒரே ஒரு எண்ணைக் குத்துமதிப்பாகப் போட்டு, மறந்துபோகக் கூடாது என்று புரோகிராமே சொல்லட்டும் என அந்த வரியை எழுதியிருக்கிறார். மறந்துவிட்டார். அந்த வரி மறக்கவில்லை. ஒவ்வொரு குளிர்ந்த டியூபுக்கும் பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, கேட்கத்தான் சன்னல் இல்லை.

அழித்துவிடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்ததாகப் பிற்பாடு என்னிடம் சொன்னார். அழிக்க ஒரு விசை போதும். மேலாளர் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்த வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள். அழித்துவிட்டால், தான் டீச்சர் மேல் எழுதிக் கொடுத்த புகார் மட்டும் அந்த இழுப்பறையில் மிச்சமிருக்கும். அதையும் நினைத்துப் பார்த்தாராம்.

டீச்சர் வந்து உட்கார்ந்ததும் அத்தான் தன் திரையை அவள் பக்கம் முழுதாகத் திருப்பினார். அந்தத் திரை அப்படித் திரும்பி நான் பார்த்ததில்லை. என் மேசை வரைக்கும் பேச்சு கேட்டது.

"டீச்சர், இது நான் எழுதினது. உங்க மேல தப்பாப் புகார் கொடுத்துட்டேன்."

"தெரியும் சார்."

"எது? புகாரா?"

"ரெண்டும். நீங்க இணைப்புப் போட்ட அன்னைக்கு நானும் என் திரையில ஓட்டிப் பார்த்தேன், அந்த வரி வந்துச்சு. தேடினேன். உங்க பேர் வந்துச்சு."

"அப்போ ஏன் சொல்லலை?"

"ஏதாவது வந்துச்சான்னு கேட்டேன். ஒண்ணும் வரலைன்னு சொன்னீங்க." அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். "நான் வேற மாதிரி நினைச்சேன். புதுசா வந்தவ என்ன பண்றான்னு பார்க்க நீங்களே விட்டு வச்சிருக்கீங்க, அழிச்சா மாட்டிப்பேன், சொன்னா வாயாடின்னு பேர் வரும்னு. எனக்கும் இன்னும் அஞ்சு மாசம் தாண்டணும் சார். நீங்க நேரா எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அத்தான் தலையாட்டினார். பிறகு இருவரும் எழுந்து மேலாளர் அறைக்குப் போனார்கள். கதவு மூடியிருந்தது. அரை மணி நேரம் கழித்துத் திறந்தது. மேலாளர் கத்தவில்லை என்றார் அத்தான். கத்தாததுதான் பயமாக இருந்ததாம். குளிர்ந்த தண்ணீரை அளக்கும் லேப்கள் எத்தனை என்று கேட்டார். பதினொன்று. அந்தப் பதினொன்றுக்கும் நான் தொலைபேசியில் சொன்னேன், சிலர் என்னைத் திட்டினார்கள். டீச்சரின் பூட்டு திறக்கப்பட்டது. சரியான பட்டியலைப் போட்டு, பழைய எண்களோடு ஒப்பிட்டு முடிக்க இருவருக்கும் ஒன்பது நாள் ஆயிற்று. அந்தக் கணக்கில் டீச்சரின் கை வேகம், பெரிய லேப் ஆட்கள் பார்க்க வருவதற்குள் முடித்துவிட்டார்கள்.

கையெழுத்து ஒரு வாரம் தள்ளிப்போய்க் கடிதம் வந்தது. அத்தான் உறையை விளக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா பொறுக்காமல் பிடுங்கிக் கிழித்தாள். நீட்டிக்கச் சொல்லித்தான் எழுதியிருந்தது. எப்போதும் மூன்று வருடம் என்று இருக்கும் இடத்தில் ஒரு வருடம் என்று இருந்தது. மகள் பள்ளியை முடிக்க அது போதும். அக்கா பெருமூச்சு விட்டாள். அத்தான் அந்த ஒன்று என்ற எண்ணை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

கறுப்புச் சன்னல் இப்போது எல்லா லேப்களிலும் ஓடுகிறது. என் தொலைபேசி குறைவாக அடிக்கிறது. அது எனக்கும் கொஞ்சம் கலக்கம்தான். அத்தான் தினமும் காலையில் வந்ததும் குளிர்ந்த டியூப் ஒன்றை வைத்து ஓட்டுவார். சன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். எண் மட்டும் வரும், வேறு எதுவும் வராது. ஒரு நாள் நாற்காலியோடு என் மேசைக்கு உருண்டு வந்தார்.

"மாப்ளே, அது ஒண்ணும் சொல்லலைன்னா உள்ள ஒண்ணும் இல்லைன்னு அர்த்தமா? இல்ல, நான் வேற எங்கேயாவது இந்த மாதிரி சும்மா போட்டுட்டு, அதைச் சொல்றதுக்கு வரிகூட எழுதாம விட்டிருப்பேனா?"

எனக்கென்ன தெரியும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார், நான் எதையாவது மறைக்கிறேனா என்று. பிறகு அப்படியே உருண்டு திரும்பிப் போய், பக்கத்து நாற்காலியிடம் கேட்டார்.